இரண்டாவது கேமரா தோளில் இருக்க வேண்டும்

போன ஆவணியில் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய், இரண்டு கேமராக்களையும் மாட்டிக்கொண்டு மேடையில் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங் தம்பி, ஒண்ணுல புடிச்சாப் பத்தாதுங்களா? இத்தனை பாரத்தச் சொமந்துக்கிட்டு எதுக்குங்க?" என்றார். "கிட்டத்துல எடுக்க ஒண்ணு, எட்டத்துல எடுக்க ஒண்ணுங்க" என்று சொன்னேன். மண்டபத்து அவசரத்துக்கு அந்தப் பதில் போதும். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றி 16 வருடமாகக் கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஸ்டூடியோ அண்ணன் யாஷிகா பெட்டிக் கேமரா காலத்து ஆள். அதில் 120 ஃபிலிம் போட்டால் சதுரமாக 12 படம் விழும். பதின்மூன்றாவதுக்கு இடமில்லை. முடிந்த ரோலைச் சுற்றி எடுத்து, அதன் காகித வாலை நாக்கில் ஈரம் தொட்டு ஒட்டி, புது ரோலின் அம்புக்குறியைப் புள்ளிக்கு நேராக வைத்து, மூடி, ஒன்றாம் எண் வரைக்கும் சுற்ற வேண்டும். கை பழகினவருக்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். தாலி கட்டுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். அதனால் அவர் கழுத்தில் எப்போதும் இரண்டு பெட்டி தொங்கும். ஒன்றில் எடுத்துக்கொண்டே இருப்பார். மற்றதில் புது ரோல் போட்டு, ஒன்றாம் எண்ணில் நிறுத்தி, தொடாமல் வைத்திருப்பார். "கெட்டிமேளத்துக்கு ஒரு முழு ரோல் கையில இருக்கோணும்" என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

நான் சொந்தமாக எடுக்க ஆரம்பித்தபோது டிஜிட்டல் வந்துவிட்டது. ஒரு கார்டில் நூற்றுக்கணக்கான படம். அண்ணனுக்கு இருந்த கஷ்டம் நமக்கு இல்லை, ஒரு பாடி (லென்ஸ் மாட்டுகிற கேமரா உடம்பு) போதும் என்று நினைத்தேன். ரோல் தீர்ந்துபோவது அவருக்கு இருந்த பல பயங்களில் ஒன்று மட்டும்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

2011 வைகாசியில் புரிந்தது. நம்பியூர்ப் பக்கம் ஒரு மண்டபம், விடியற்காலை முகூர்த்தம். அதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு நுனி மாப்பிள்ளையிடம், மறு நுனி இணைச்சீர்காரியிடம். கல்யாணத்தில் கூடப்பிறந்தவளுக்கு என்றே இருக்கிற நேரம் அது. நான் மூன்றாவது படமோ நான்காவதோ எடுக்கிறேன், கேமரா 'டக்' என்று பாதிச் சத்தம் போட்டது. வ்யூஃபைண்டர் இருண்டுவிட்டது. மேலே போன கண்ணாடி கீழே இறங்கவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். லென்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஷட்டர் இதழ் ஒன்று மடங்கிக் கிடக்கிறது. அதற்குள் சீர் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

தாலி கட்டை யாரோ உறவுக்காரப் பையனின் சின்னக் கேமராவைக் கடன் வாங்கி எடுத்தேன். இணைச்சீருக்கு வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்துப் பார்த்தோம். அந்தக் காலத்து சாதாரண வீடியோவில் ஒரு ஃபிரேம் 720க்கு 576 புள்ளிதான். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் வைத்தால் முகத்தில் மூக்கும் கண்ணும் கரைந்துபோகிறது. வைக்கவில்லை. ஆல்பம் வாங்க அந்த அக்காவே வந்தார். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். முகூர்த்தம் வந்ததும் நிறுத்தி, இரண்டு தாள் பின்னால் போய்ப் பார்த்தார். "இணைச்சீர் அடுத்ததுல இருக்குதுங்களா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "சரி விடுங்க, வீடியோவுல இருக்குதில்ல" என்றார். வாங்கின பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தக் கேமராவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஷட்டர் என்பது ஒரு இயந்திரம். கம்பெனிகளே ஒவ்வொரு பாடிக்கும் ஒரு கணக்குச் சொல்கின்றன: கேனான் 5டி மார்க் 3க்கு 1.5 லட்சம் படம், நிக்கான் டி850க்கு 2 லட்சம் படம். அந்த எண்ணிக்கையைத் தாண்டியும் ஓடலாம், பாதியிலேயே நிற்கவும் செய்யலாம். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுக்கிற ஆள், வருடத்துக்கு 50 கல்யாணம் செய்தால் 1.5 லட்சம் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். பழைய பாடி வாங்கும்போது ஷட்டர் கவுண்ட், அதாவது அதில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்த முகூர்த்த சீசனுக்குள் கடன் வாங்கி இரண்டாவது பாடி வாங்கிவிட்டேன். வாங்கி, பையில் போட்டு, மாப்பிள்ளை ரூமில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மறு வருடம் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். கைகோர்வைச் சீர் நடக்கும்போது கார்டு எரர் வந்து கேமரா நின்றது. ரூமுக்கு ஓடினேன். ரூம் பூட்டியிருந்தது. உள்ளே நகை இருக்கிறது என்று மாப்பிள்ளையின் மாமா பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு பந்தி விசாரிக்கப் போய்விட்டார். அவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் தேடிப் பிடித்து, சாவி வாங்கி, கேமராவை எடுத்து மேடைக்கு வந்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

பூட்டின ரூமில் இருக்கிற கேமரா இல்லாத கேமராவுக்குச் சமம். இப்போது என் வழக்கம் இதுதான்: முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து இரண்டு பாடியும் ஆன் செய்து என் உடம்பில் இருக்கும். உதவிக்கு வருகிற தம்பியிடமும் கொடுத்துவைக்க மாட்டேன். நல்ல பையன்தான், ஆனால் நமக்கு வேண்டுகிற நேரத்தில் அவன் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்பான்.

அப்புறம் எந்த லென்ஸை எதில் போடுவது? எல்லோரும் சொல்கிற 24-70, 70-200 மில்லிமீட்டர் ஜோடியைத்தான் நானும் ரொம்ப நாள் வைத்திருந்தேன். முதலாவது கிட்டத்துக்கு, இரண்டாவது எட்டத்துக்கு. 24-70 உள்ள பாடி நின்றுபோனால் மேடைக் கூட்டத்தில் 70-200ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தாலி கட்டும்போது நமக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் எட்டடி கூட இருக்காது. 70-200 நின்றுபோனால் 24-70ஐ வைத்துச் சமாளித்துவிடலாம். அதனால் இரண்டில் நம்பிக்கையான, புதிய, இரண்டு கார்டு போடுகிற பாடிக்குத்தான் கிட்டத்து லென்ஸ். பல பேர் விலை கூடின லென்ஸை விலை கூடின பாடியில் மாட்டுகிறார்கள். அது தவறு என்றே நினைக்கிறேன்.

இரண்டு பாடியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு நல்லது. முதலில் வாங்கின இரண்டுக்கும் பேட்டரியே வேறு வேறு. இரண்டு சார்ஜர், இரண்டு வகை பேட்டரி, நடுராத்திரியில் மாறிப்போகிற குழப்பம். பிறகு அவற்றை விற்றுவிட்டு 5டி மார்க் 3, 6டி என்று ஒரு ஜோடி சேர்த்தேன். இரண்டுக்கும் ஒரே எல்பி-இ6 பேட்டரி என்பதால் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் மார்க் 3ல் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தக் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குச்சி இருக்கும், 6டியில் அது கிடையாது. மார்க் 3ல் 61 புள்ளி, 6டியில் 11. கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது விரல் இல்லாத குச்சியைத் தேடும். இரண்டு நொடி போய்விடும், மாலை மாற்றி முடிந்துவிடும். இப்போது ஒரே மாடலில் இரண்டு வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த ஒன்றும் விலை குறைந்த ஒன்றும் வாங்குவதைவிட, நடுத்தரத்தில் ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

நிறமும் ஒத்துப்போக வேண்டும். மண்டபத்தில் மஞ்சள் பல்பு, வெள்ளை டியூப், மேடைக்குப் பின்னால் எல்இடி திரை எல்லாம் ஒன்றாக எரியும். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒரு பாடியில் பெண்ணின் முகம் மஞ்சள் பூசினது போலவும், மற்றதில் வெளிறியும் இருக்கும். இரண்டிலும் வெளிச்சத்தின் நிறத்துக்கான ஒரே கெல்வின் எண்ணைக் கையால் வைத்துவிடுங்கள். தப்பாக இருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திருத்திவிடலாம். எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100க்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதையெல்லாம் விட என்னை அதிகமாக அலைக்கழித்தது கடிகாரம். 2014ல் ஒரு கல்யாணம் முடித்து, இரண்டு கார்டுகளையும் லைட்ரூம் என்கிற மென்பொருளில் இறக்கி நேர வரிசையில் அடுக்கினேன். தாலி கட்டின படம் ஒன்று, அடுத்து மாலையே போடாத மாப்பிள்ளை, அடுத்து மறுபடி தாலி. ஒரு பாடியின் கடிகாரம் மற்றதைவிட 7 நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது. அந்த 7 நிமிடத்துக்குள் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் எத்தனை சீர் நடந்துவிடும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தினேன். மூன்றாம் நாள்தான் வழி தெரிந்தது. அட்சதை காற்றில் நிற்கிற படம் இரண்டு கேமராவிலும் இருந்தது. அரிசி அந்த ஒரு கணத்தில்தான் அப்படி நிற்கும். இரண்டு படத்துக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து, ஒரு பாடியின் படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அவ்வளவு நேரம் பின்னால் நகர்த்தினேன். அத்தனையும் வரிசைக்கு வந்துவிட்டது.

ஒரு தடவை சரியாக வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கேமராக் கடிகாரம் மெல்ல மெல்ல விலகிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் முதல் படமாக, செல்போனில் நொடி ஓடுகிற கடிகாரத்தை வைத்து இரண்டு பாடியிலும் ஒவ்வொரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு எவ்வளவு விலகியிருந்தாலும் கணக்கு கையில் இருக்கும். இன்னொன்று, இரண்டு பாடியும் ஒரே பெயர், ஒரே எண்ணில் ஃபைல் உண்டாக்கலாம். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின்மேல் ஒன்று எழுதிவிட வாய்ப்புண்டு. பாடிக்கு ஒரு ஃபோல்டர் போட்டு இறக்குவதுதான் பாதுகாப்பு.

பாரத்துக்கு வருகிறேன். மார்க் 3 பேட்டரியோடு 950 கிராம். 70-200 லென்ஸ் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். 6டி 770, 24-70 இரண்டாம் பதிப்பு 805. கூட்டினால் 4 கிலோவுக்கு மேல். இரண்டு ஃபிளாஷையும் சேர்த்தால் ஐந்து கிலோவை நெருங்கும். இதை முதல் நாள் சாயங்காலம் மாட்டினால் மறுநாள் மத்தியானம் வரை, நடுவில் மூன்று மணி நேரத் தூக்கம். கம்பெனி கொடுக்கிற பட்டையில் இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்கு வருடம் திரிந்தேன். 35 வயதில் கழுத்து திரும்பவில்லை. டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால், "கழுத்துல எதையும் தொங்க விடாதீங்க" என்றுதான் சொன்னார். இரண்டு தோளுக்கும் குறுக்கே போகிற ஹார்னஸ் பட்டைக்கு மாறினேன். பாரம் முதுகுக்குப் பரவிவிடும். கேமரா இடுப்புக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும்.

அதிலும் ஒரு ஆபத்து உண்டு. குனிந்து பெண்ணின் கால் மெட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் தொங்கின கேமரா ஆடி, பின்னாலிருந்து ஓடி வந்த சின்னக் குழந்தையின் நெற்றியில் லென்ஸ் ஹூட் இடித்துவிட்டது. ரத்தம் இல்லை, ஆனால் பொட்டு வைக்கிற இடத்தில் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிவிட்டது. குழந்தையின் ஆத்தா தூக்கிக்கொண்டு, "பாத்து எடுக்கக் கூடாதுங்களா சாமி" என்று மட்டும் சொன்னார். ஐஸ் வாங்கிவரச் சமையல்கட்டுக்கு ஓடினேன். அன்றிலிருந்து குனிகிறபோது ஒரு கை தொங்குகிற கேமராவின் மேல் இருக்கும். இது பழக்கமாகும் வரைக்கும் இரண்டு கேமராவோடு கூட்டத்துக்குள் போகாதீர்கள். ஹோமம் வளர்க்கிற கல்யாணமாக இருந்தால் நெருப்புக்கும் இதேதான்.

இப்போது முகூர்த்தத்துக்குப் பெரிய ஜூம் இரண்டையும் எடுப்பதில்லை. ஒன்றில் 35, மற்றதில் 85. 35 எஃப்2 லென்ஸ் 335 கிராம், 85 எஃப்1.8 லென்ஸ் 425 கிராம். பழைய பாடிகளோடு கணக்குப் போட்டாலே மொத்தம் இரண்டரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஜூம் இல்லையே என்றால் நான் நடக்கிறேன். பெரிய மண்டபத்தில் எட்ட நின்று எடுக்க வேண்டிய வரவேற்புக்கு மட்டும் 70-200 வெளியே வரும்.

ஆடியில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் அந்தியூர் போய்விடுவேன். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் சேர்ந்து வரும். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், காங்கேயம் காளைகள், செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மலை மாடுகள் என்று காணக் காண ஆசை தீராது. மார்வாரிக் குதிரையின் இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி தொடுவதைத் தூர லென்ஸில் நிறைத்து எடுக்க வேண்டும். அடுத்த நிமிடம் மேளத்துக்குக் குதிரை ஆட ஆரம்பித்தால் சுற்றி நிற்கிற கூட்டத்தையும் சேர்த்து அகலமாக எடுக்க வேண்டும். ஒரு பாடி மட்டும் இருந்த காலத்தில் லென்ஸை மாற்றி மாற்றி மாட்டினேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது சந்தைப் புழுதி எங்கே போகும்? நேராக சென்சாருக்குத்தான்.

அன்று ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து வந்த கல்யாணங்களிலும் எஃப்2.8ல் எடுத்தவற்றில் தெரியவில்லை. கொடிவேரி அணையில் ஒரு ஜோடியை வைத்து எஃப்11ல் எடுத்தபோதுதான் வானம் முழுக்கச் சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தது. எஃப் எண் கூடினால் லென்ஸ் துவாரம் சுருங்கும். துவாரம் சுருங்கச் சுருங்கத்தான் தூசியின் நிழல் கூர்மையாக விழும். அதனால் எஃப்16ல் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பாருங்கள், உங்கள் சென்சாரின் நிலைமை தெரிந்துவிடும்.

இரண்டு பாடியோடு போக ஆரம்பித்த பிறகு சந்தையில் லென்ஸைக் கழற்றுவதே இல்லை. வீட்டில் மாட்டினதை வீட்டுக்கு வந்துதான் கழற்றுவேன். அதுவும் வந்தவுடன் இல்லை. முதலில் உலர்ந்த பிரஷால் வெளிப்புழுதியைத் தட்டி, லென்ஸ் சேருகிற விளிம்பைத் துடைத்து, பிறகு கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டு கழற்றுவேன். ரப்பர் புளோயரால் ஊதலாம். வாயால் ஊதவே கூடாது, எச்சில் துளி பட்டால் தூசியைவிட மோசம். மிர்ரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. ஆஃப் செய்தால் ஷட்டர் திரை மூடிக்கொள்கிற பாடியாக இருந்தால் அந்த வசதியை ஆன் செய்து வையுங்கள்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கும் இரண்டு உண்டு. தூர லென்ஸ் கிராப் சென்சார், அதாவது சின்ன சென்சார் உள்ள பாடியில் இருந்தால் பறவை இன்னும் கிட்ட வரும். 1.6 மடங்கு கிராப்பில் 200 லென்ஸ் 320 மாதிரி வேலை செய்யும்.

ஆனால் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஒன்றுதான். ஒருமுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு போனேன். "எந்த டிவிங்க?" என்று கேட்டார்கள். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு வியாபாரிகள் கையை எடுத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து நின்றார்கள். எனக்கு வேண்டியது அந்தத் துண்டும் அதற்குள் அசைகிற கையும். அடுத்த வியாழக்கிழமை ஒரு பாடி, ஒரு 35 மட்டும் எடுத்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டே நின்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்தில் பெரியவரின் சுண்டுவிரல் மட்டும் வெளியே தெரிய ஒரு படம் கிடைத்தது. சம்பளம் வாங்காத நாளில், நழுவிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில், ஒரு கேமராவே நல்லது. எதை எடுப்பது என்ற யோசனையும் இருக்காது.

இரண்டாவது பாடிக்குக் கையில் பணம் இல்லையே என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் கேட்கிறார்கள். கடன் வாங்கி வாங்க வேண்டாம், நான் அப்படி வாங்கிப் பட்டிருக்கிறேன். நாள் வாடகைக்கு எடுங்கள். வாடகையைக் கல்யாணக் கணக்கிலேயே சேர்த்து, எதற்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது யாரும் மறுத்ததில்லை. ஆனால் கல்யாணத்தன்று காலையில் போய் எடுக்காதீர்கள், முந்தின நாளே எடுத்துவிடுங்கள். கடையிலேயே உங்கள் கார்டைப் போட்டு 50 படம் எடுத்துப் பாருங்கள். சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) கார்டு போடுகிற பாடியாக இருந்தால் டார்ச் அடித்து உள்ளே ஊசி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்16ல் வெள்ளைச் சுவரை எடுத்து, தூசி இருந்தால் அப்போதே காட்டிவிடுங்கள். முந்தின ஆள் படத்தின் அளவைக் குறைத்தோ, ரா (RAW) ஃபைல் பதிவை நிறுத்தியோ வைத்திருப்பார். மெனுவை மொத்தமாக ரீசெட் செய்துவிட்டு, உங்கள் பாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து அதே மாதிரி வையுங்கள். ரீசெட் செய்தாலும் தேதியும் நேரமும் பழையபடியேதான் இருக்கும். அதைத் தனியாகப் போய்த் திருத்த வேண்டும்.